மரத்திலேயே தங்கிவிட்ட பங்காளி

கோவையிலிருந்து வேலந்தாவளம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ்நாடு எங்கே முடிந்தது, கேரளம் எங்கே தொடங்கியது என்பது சட்டென்று தெரியாது. அதே தென்னை, அதே பனை, அதே வறண்ட காற்று, அதே கொங்குத் தமிழ். கள்ளுக்கடைப் பலகை ஒன்று கண்ணில் பட்டால் எல்லை தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு அடையாளமும் உண்டு. ஊருக்கு ஒரு வாயனசாலை. இங்கே தமிழ் பேசுகிறவர்களும் அதை வாசகசாலை என்று சொல்வதில்லை, வாயனசாலைதான்.

அப்படி ஒரு வாயனசாலையில், சித்தூர் தாலுகாவின் எல்லையோரக் கிராமம் ஒன்றில், பரிணாமக் கொள்கை பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முப்பது பேர் இருக்கலாம். பாதிப் பேருக்கு வயது அறுபதுக்கு மேல். நான் டார்வினின் கப்பலில் ஆரம்பித்து, காலபாகோஸ் தீவின் குருவிகளைச் சுற்றி, 1859-ல் புத்தகம் வெளியான கதையைச் சொல்லி முடித்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“ஏனுங்க சார், குரங்குல இருந்து மனுசன் வந்தான்னு சொல்றீங்க. சரி. அப்ப சைலண்ட் வேலியில இருக்கற சிங்கவாலு மட்டும் ஏனுங்க இன்னும் மரத்துலயே உக்காந்துட்டு இருக்குது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி சிரிக்கக்கூடியதல்ல. ஒரு மணி நேரம் பேசிய பிறகும் இந்தக் கேள்வி வருகிறதென்றால் தப்பு கேட்டவர் மீதல்ல. 2018 ஜனவரியில் மத்திய மனிதவள இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு, பாடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் சேர்ந்து அவருக்கு மறுப்பு அறிக்கை விட வேண்டியிருந்தது. ஐ.பி.எஸ். அதிகாரியாக இருந்து அமைச்சரானவருக்கு வந்த சந்தேகம் ஒரு விவசாயிக்கு வருவதில் என்ன ஆச்சரியம்?

அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது புத்தகமல்ல, உறவுமுறை. “குரங்கு நமக்குப் பாட்டன் இல்லீங்க, பங்காளி” என்றேன். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற இரண்டு குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு தலைமுறைக்கு முன்னால் ஒரே வீடு. பிறகு ஒருவர் பிழைப்புக்காகத் திருப்பூர் பக்கம் போனார், இன்னொருவர் ஊரிலேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டு தங்கினார். நாம் திருப்பூர் வந்துவிட்டோமே, ஊரில் இருக்கிற பங்காளி ஏன் இன்னும் நாமாக மாறவில்லை என்று யாராவது கேட்போமா? அவரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவர் நிலத்துக்கும் தண்ணீருக்கும் ஏற்ப அவரும் மாறிக்கொண்டுதான் இருந்தார். சிங்கவாலும் நாமும் ஒரே வீட்டில் இருந்தது சுமார் இரண்டரை முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அந்த வீட்டில் இருந்தது சிங்கவாலும் அல்ல, மனிதனும் அல்ல. இருவருக்கும் பொதுவான மூதாதை.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப மரத்துல இருக்கறது அதுக்குக் கொறை இல்லீங்க” என்றார். ஒரு மணி நேரத்தில் நான் சொல்லாததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இதோடு எழுந்து வந்திருந்தால் நல்ல பெயரோடு வந்திருப்பேன். அடுத்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்து, மச்சம், கூர்மம், வராகம் என்று வரிசையாகச் சொல்லி, நம் தசாவதாரத்தில் இருப்பதும் இதேதானே என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. கூட்டமும் என் பதிலுக்காக ஆவலாகக் காத்திருந்தது. “ஒரு விதத்தில் பார்த்தால் ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். அன்றைய கைதட்டல்களிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த “ஆமாம்” உறுத்த ஆரம்பித்தது.

அவதாரக் கதை மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அது வேறு காரியத்துக்காகச் சொல்லப்பட்ட கதை. ஆனால் அதில் ஒரு ஏணி இருக்கிறது, ஏணியின் மேல்படியில் மனிதன் இருக்கிறான், ஒவ்வொரு படிக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. டார்வின் சொன்னதில் இந்த மூன்றும் கிடையாது. ஆமை பன்றியாக மாறவில்லை. மீன் தோற்றுப்போய் ஒதுங்கிவிடவில்லை, இன்றும் முதுகெலும்புள்ள பிராணிகளில் பாதிக்கு மேல் மீன்கள்தான். ஏணி அல்ல, கிளை விட்டுக்கொண்டே போகும் மரம். பெரியவர் அதைப் பிடித்துவிட்டார். அடுத்த நிமிஷமே நான் கைதட்டலுக்காக ஏணியை மறுபடி சாத்திவைத்துவிட்டேன்.

வயது வந்தவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லப் போகிறவர்களுக்கு எப்போதும் இருக்கிற சபலம் இது. குழந்தை புரியவில்லை என்றால் முழிக்கும். பெரியவர்கள் புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். நாமும் மரியாதைக்கு அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவோம். கூட்டம் திருப்தியாகக் கலையும். யாரும் எதுவும் கற்றிருக்க மாட்டார்கள்.

இதற்கு மொழியும் ஒரு காரணம். “பரிணாமக் கொள்கை” என்கிறோம். கட்சிக்கும் கொள்கை இருக்கிறது, கொள்கையை மாற்றிக்கொண்டு கூட்டணியும் வைக்கிறார்கள். ஆகவே டார்வினுக்கு ஒரு கொள்கை, எனக்கு ஒரு கொள்கை என்று கேட்பவர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. விஞ்ஞானத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருள் அபிப்பிராயம் அல்ல. ஏராளமான தனித்தனி உண்மைகளை ஒரே கயிற்றில் கோத்துக் காட்டுகிற விளக்கம், ஒவ்வொரு புதிய உண்மையும் அதைச் சோதித்துப் பார்க்கிறது, இதுவரை அறுபடாத கயிறு. “கோட்பாடு” என்று சொல்வது கொஞ்சம் தேவலை. சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, கயிற்றில் கோத்திருப்பதைக் காட்ட வேண்டும்.

அதற்குக் காலபாகோஸ் வரை போக வேண்டியதே இல்லை என்பதுதான் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம். அந்த வாயனசாலைத் திண்ணையில் உட்கார்ந்து வடக்கே பார்த்தால் நீலகிரியை ஒட்டிய மலைகள். தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதியும் ஆனைமலையும். நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத இடைவெளி, பாலக்காட்டுக் கணவாய். நமக்கு அது ரயிலும் காற்றும் வருகிற வழி. மலை உச்சியின் சோலைக்காட்டில், சுமார் 1,400 மீட்டருக்கு மேலே மட்டுமே வாழும் ஒரு சின்னப் பறவைக்கு அது கடல்.

அந்தப் பறவை நீலகிரிப் பக்கம் ஒரு மாதிரி இருக்கிறது, மூணாறு, பழனி மலைப் பக்கம் வேறு மாதிரி இருக்கிறது. வடக்கே உள்ளதற்கு விலாவில் செம்பழுப்பு நிறம், தெற்கே உள்ளதற்கு வெண்மையான வயிறு. மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டன் 1840-களிலேயே நீலகிரிப் பறவையை விவரித்திருந்தார். கணவாயின் இரு பக்கப் பறவைகளும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகவே பிரிந்து வாழ்ந்து வருகின்றன என்பதை வி.வி. ராபின், அனிந்த்ய சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் ஆகியோர் 2010-ல் மரபணுக்களைக் கொண்டு காட்டினார்கள். 2017-ல் இவற்றுக்கென்றே ஒரு புதிய பேரினப் பெயர் வைக்கப்பட்டது: ஷோலிகோலா. நம் “சோலை”யும் லத்தீனில் “வசிப்பவர்” என்ற பொருள் தரும் சொல்லும் சேர்ந்த பெயர். சோலைவாசி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே குறுகலான ஒரு ஜலசந்தி இரு கரைகளின் பிராணிகளை வேறுபடுத்தி வைத்திருப்பதைப் பார்த்துத்தான் வாலஸின் சிந்தனை விரிந்தது. 1858-ல் டார்வினோடு சேர்த்து வாசிக்கப்பட்டது அவருடைய கட்டுரை. வாலஸுக்கு அந்த ஜலசந்தி எப்படியோ, நம் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் அப்படி. பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சில வாரம் கழித்து இடுக்கி மாவட்டத்தில், கம்பம்மெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டக்காரர்களும் தொழிலாளர்களுமாக இருந்த இன்னொரு கூட்டம். இந்த முறை கப்பலை எடுக்கவில்லை. ஏலக்காயை எடுத்தேன். அங்கே ஞள்ளானி ஏலத்தைத் தெரியாதவர் கிடையாது. கட்டப்பனை பக்கத்து விவசாயி ஒருவர் தன் தோட்டத்துச் செடிகளைக் கவனித்துப் பார்த்து, அதிகம் காய்ப்பதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் வந்தது அது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் பிறந்ததல்ல. டார்வின் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் செய்ததும் இதைத்தான். புறா வளர்ப்பவர்களையும் மாடு வளர்ப்பவர்களையும் காட்டி, மனிதன் பொறுக்கியெடுத்தே இவ்வளவு மாற்ற முடியுமானால், இயற்கை பொறுக்கியெடுத்தால் எவ்வளவு மாறும் என்று கேட்டார்.

பின்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்தார். கம்பம் பக்கத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி வேலைக்கு வருகிறவர். “அண்ணே, நான் ஒண்ணு கேக்குறேன். மொத அடிச்சப்ப செத்த பூச்சி, இப்ப அதே மருந்தை அடிச்சா சாகமாட்டேங்குது. பூச்சிக்கு மருந்து பழகிப்போச்சுன்னு மொதலாளி சொல்றாரு. அதுவும் இதுதானா?”

அதுதான். ஆனால் “பழகிப்போச்சு” என்ற சொல்லில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது. எந்தப் பூச்சிக்கும் எதுவும் பழகவில்லை. ஆயிரம் பூச்சியில் இரண்டுக்குப் பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் சக்தி ஏதோ ஒரு மரபணு மாற்றத்தால் அமைந்திருக்கும். மருந்து அடிக்கிற வரை அதனால் அவற்றுக்கு லாபமில்லை. அடித்த பிறகு 998 செத்துப்போகும், இந்த இரண்டுக்கும் தோட்டமே சொந்தம். அடுத்த தலைமுறை இவற்றின் பிள்ளைகள். மறுபடி அடிக்கிறோம், மறுபடி பொறுக்குகிறோம். பூச்சியை மாற்றியது பூச்சியின் முயற்சி அல்ல, நாம் கையில் பிடித்திருந்த ஸ்பிரேயர். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான்: ஒன்றுபோல் இல்லாத பிறவிகள், பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிற வேறுபாடுகள், எல்லாமே பிழைத்துவிட முடியாத நிலைமை. இந்த மூன்றும் இருந்தால் மாற்றம் வந்தே தீரும்.

அந்த அம்மாள் உடனே கேட்டார்: “அப்ப மருந்தைக் கூடப் போடுறது பூச்சிக்குத்தான் தோதா?” பூச்சிமருந்துக் கம்பெனிகளும் விவசாய இலாகாக்களும் இத்தனை காலமாகச் சொல்லத் தயங்குகிற ஒன்றை அவர் சொல்லிவிட்டார்.

பரிணாமம் தெரிந்து ஒரு சாதாரண மனிதனுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். டிடிடி-க்குச் சாகாத கொசு, மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதால் வலுவடையும் காசநோய்க் கிருமி, 2020-ல் தொடங்கி டெல்டா, ஒமைக்ரான் என்று இரண்டே ஆண்டுகளில் உருமாறி வந்த கொரோனா, எல்லாம் ஒரே கதை. யாரும் பார்த்ததில்லை என்று அமைச்சர் சொன்னதை நாடே முகமூடி போட்டுக்கொண்டு பார்த்தது. பெயர்தான் தெரியவில்லை.

கட்டப்பனை என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் வர முடியாது. 2003 அக்டோபரில் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃப்ராங்கி போசைட்டும் “நேச்சர்” பத்திரிகையில் ஒரு தவளையை உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், உப்பிய உடம்பு, பன்றி மூக்கு. ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்ந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இணைசேர மேலே வருகிறது. ஆண்டுக்கொரு முறை பாதாளத்திலிருந்து வரும் மகாபலியை நினைத்து மாவேலித் தவளை என்றும் சொல்கிறார்கள். அதன் தலைப்பிரட்டையை விலங்கியலாளர்கள் 1910-களின் பிற்பகுதியிலேயே விவரித்திருந்தார்கள். ஓடைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தலைப்பிரட்டையை மலைவாசிகள் சிலர் உணவாகவே அறிந்திருந்தார்கள். வளர்ந்த தவளை விஞ்ஞானத்தின் கண்ணில் படத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? சுமார் 2,800 கிலோமீட்டர் தள்ளி, இந்துமாக்கடலின் செஷல்ஸ் தீவுகளில். தவளை உப்புத் தண்ணீரில் நீந்திப் போக முடியாது. ஒரே விளக்கம், நிலம் பிரிந்தது. இந்தியா, மடகாஸ்கர், செஷல்ஸ் எல்லாம் ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம் அது. இரண்டும் பிரிந்து பத்துக்கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. நிலவியல் ஒரு பக்கமிருந்து சொன்னதை, கட்டப்பனையின் மண்ணுக்கடியிலிருந்து ஒரு தவளை வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனது.

கதை அங்கே முடியவில்லை. மலையின் இந்தப் பக்கம், நம் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய கிழக்குச் சரிவில், 2017-ல் இன்னொரு ஊதாத் தவளை விவரிக்கப்பட்டது. 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த ஆராய்ச்சியாளர் எஸ். பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி வெளியே வருகிறது. இந்தத் தவளை வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. ஒரே மலை, இரண்டு மழை. முகூர்த்த மாதமே வேறு என்றால் சம்பந்தம் எப்படி நடக்கும்? காலப்போக்கில் இரண்டு இனம். எல்லையோரத் தமிழர்களுக்கு இதைவிடச் சுலபமாக இனம் பிரிவதை விளக்க எந்தப் பாடப்புத்தகமும் உதவாது.

பாடப்புத்தகம் என்று சொன்னேன். என்.சி.இ.ஆர்.டி. 2022-ல் கொரோனா காலச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பத்தாம் வகுப்பு அறிவியலில் “பாரம்பரியமும் பரிணாமமும்” என்றிருந்த அத்தியாயத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டது. 2023 ஏப்ரலில் 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அந்தப் பாடம் இருக்கிறதே என்று பதில் வந்தது. வாஸ்தவம். ஆனால் பத்தோடு படிப்பை நிறுத்துகிறவருக்கும், மேலே போய்க் காமர்ஸும் கம்ப்யூட்டரும் எடுப்பவருக்கும் அது இல்லை. தமிழ்நாட்டில் 2019-ல் வெளியான பத்தாம் வகுப்பு நூலில் இது தனிப் பாடமாகவே இடம்பெற்றது என்பதில் கொஞ்சம் ஆறுதல். பள்ளியில் விட்டதை எங்கே பிடிப்பது என்பதுதான் கேள்வி.

இரு மாநிலங்களிலும் அதற்குப் பாதை போட்டவர்கள் இருந்தார்கள். 1930-களிலேயே சிங்காரவேலர் தொழிலாளர்கள் படிப்பதற்கென்று தமிழில் விஞ்ஞானம் எழுதினார். கேரளத்தில் 1962-ல் சாஸ்திர சாகித்ய பரிஷத் பிறந்தது. 1980-லிருந்து நாடகமும் பாட்டுமாகக் கலா ஜாதாக்கள் கிராமம் கிராமமாகப் போயின. சைலண்ட் வேலி அணை வேண்டாம் என்று சொன்னதில் பரிஷத்துக்குப் பெரிய பங்குண்டு. 1984-ல் அது தேசியப் பூங்காவானபோது சிங்கவாலுக்கும் வீடு மிஞ்சியது. 1991-ல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்தைக் கற்றுக்கொடுத்தாயிற்று. கற்ற எழுத்தைக் கொண்டு எதைப் படிப்பது என்ற இரண்டாவது வேலை பாதியில் நிற்கிறது. இன்றைக்கு அந்த இடத்தைச் செல்போன் நிரப்புகிறது. அதில் டார்வினும் வருகிறார், டார்வின் பொய்யர் என்பவரும் வருகிறார், இருவருக்கும் ஒரே நீளம், ஒரே இசை.

இன்னொரு தயக்கமும் கூட்டங்களில் உண்டு. இதை ஒப்புக்கொண்டால் சாமி கும்பிடக் கூடாதோ என்று. இடுக்கியில் தேவாலயம் போகிறவர் ஒருவர் தனியாக அழைத்துக் கேட்டார். 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று தம் விஞ்ஞானக் கழகத்துக்குச் செய்தி அனுப்பியதைச் சொன்னேன். நம்புவதும் நம்பாததும் அவரவர் விஷயம். பூச்சி ஏன் சாகவில்லை என்பது அப்படிப்பட்ட விஷயம் அல்ல.

மறு மாதம் வேலந்தாவளம் பஸ்ஸைப் பிடித்து அதே வாயனசாலைக்குப் போனேன். போன தடவை தசாவதாரம் பற்றிச் சொன்ன பதில் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஏன் தப்பு என்றும் சொன்னேன். கைதட்டல் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரின் முகம் வாடியது. கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்தார்.

“நான் அதைத்தானுங்க பசங்களுக்குச் சொல்லிட்டு இருந்தேன். நெசத்தைச் சொல்லணும்னா அந்தப் பாடத்தை நான் நடத்துனதே இல்லீங்க சார். புஸ்தகத்துல கடைசியில இருக்கும். அதுக்குள்ள பரீட்சை வந்துரும். யாராச்சும் கேட்டா அவதாரத்தைச் சொல்லி முடிச்சிருவேன்.”

என்னிடம் பதில் இல்லை. டெல்லியில் 2022-ல் உத்தரவு போட்டுச் செய்ததை எத்தனை வகுப்பறைகள் உத்தரவில்லாமலே செய்துவந்தன என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னிடம் சோலைவாசிப் பறவையின் பெயரை இன்னொரு தடவை கேட்டுச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிறு யார் பேசுகிறார்கள் என்று வாயனசாலைச் செயலாளர் கேட்டபோது, “நானே பேசறனுங்க” என்றார். “விட்டுப்போன பாடம் ஒண்ணு பாக்கி இருக்குது.”